பாலைவனத்தில் ஒரு ஹவாய்: கைவிடப்பட்ட ஏரி நகரங்களைப் பார்ப்பது எப்படி?

தெற்குக் கலிபோர்னியாவின் பாலைவனத்தில் சால்டன் கடல் என்று ஓர் ஏரி இருக்கிறது. அதன் மேற்குக் கரையில் உள்ள சால்டன் சிட்டிக்குள் முதல்முறை நுழைகிறவர்களுக்குக் குழப்பம்தான் வரும். தார்ச்சாலைகள் வளைந்து வளைந்து போகின்றன. மூலைக்கு மூலை தெருப் பெயர்ப் பலகை. மின்கம்பமும் இருக்கிறது. வீட்டைத்தான் காணோம். ஒரு தெருவில் மூன்று வீடு, அடுத்த நாலு தெருவிலும் வெறும் புதர். ஆண்டுக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் மழை பெய்தாலே பெரிது என்கிற மண்ணில், மெரினா என்றும் விரிகுடா என்றும் பெயர் சூட்டிய சாலைகள்.

1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் இப்படிப்பட்ட ஏரிக்கரை நகரங்களும் உல்லாச விடுதிகளும் வரிசையாக முளைத்தன. சில இடங்களில் ஹவாய் வேடம், சில இடங்களில் பிரான்சின் உல்லாசக் கடற்கரையான ரிவியராவின் வேடம், இன்னும் சில இடங்களில் கப்பல் வேடம். ஒரே இடத்தில் மூன்றும் கலந்திருந்ததும் உண்டு. சில இன்றும் நன்றாக வாழ்கின்றன. பல பாதியில் நின்று காய்ந்து கிடக்கின்றன. அந்த மிச்சங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது இப்போது பலருக்குப் பொழுதுபோக்கு.

போகிறவர்கள் பெரும்பாலும் இடிந்த கூரையையும் துருப்பிடித்த பலகையையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் தயவில் வந்தது என்ற கணக்கு தெரியாமல் பார்த்தால் இந்த இடங்கள் வெறும் குப்பைமேடாகத்தான் தெரியும். அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன். அதற்கு முன் வேடத்தைப் பற்றிக் கொஞ்சம்.

ஹவாய் ஏன் பாலைவனத்துக்கு வந்தது?

பாலினீசியா என்பது பசிபிக் பெருங்கடலில் ஒரு பெரிய முக்கோணம். வடக்கு முனையில் ஹவாய், தென்மேற்கில் நியூசிலாந்து, தென்கிழக்கில் ராப்பா நுயி என்கிற ஈஸ்டர் தீவு. விண்மீன்களையும் அலைகளையும் பார்த்துக் கடலைக் கடந்த மக்களின் உலகம் அது. அமெரிக்கர்கள் கட்டியது அந்த உலகத்தை அல்ல, அதைப் பற்றித் தாங்கள் கண்ட கனவை. அந்தப் பாணிக்கு டிக்கி என்று பெயர். மூங்கில், ஓலை, மரத்தில் செதுக்கிய முகங்கள், ரம் கலந்த பானங்கள், தீப்பந்தங்கள் எல்லாம் அதில் அடக்கம்.

1930களில் ஹாலிவுட்டில் டான் த பீச்காம்பர், ஓக்லண்டில் டிரேடர் விக்ஸ் என்று இரண்டு மதுக்கூடங்கள் இதைத் தொடங்கிவைத்தன. அப்புறம் இரண்டாம் உலகப் போர். பசிபிக் தீவுகளில் பணியாற்றிய படைவீரர்கள் ஊர் திரும்பி வீடு வாங்கும் வயதுக்கு வந்தார்கள். 1959இல் ஹவாய் அமெரிக்காவின் 50ஆவது மாநிலம் ஆனது. ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கின, ஆனால் எல்லோராலும் டிக்கெட் வாங்க முடியவில்லை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் காரில் போனால் ஒரு ஹவாய் கிடைக்கும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இந்தப் பாணியின் அடையாளமான செங்குத்துக் கூரையைக் கவனியுங்கள். முன்பக்கம் மூக்கு நீட்டிக்கொண்டு வானத்தைக் குத்தும். அதன் மூலவடிவம் பாலினீசியாவிலேயே இல்லை. நியூ கினியின் செபிக் ஆற்றோர மக்கள் ஆவிகளுக்காகக் கட்டும் பெரிய கூடங்களின் முகப்பு அது. நியூ கினி இருப்பது மெலனீசியாவில். கட்டியவர்களுக்கு அந்த வேறுபாடு முக்கியமாகப் படவில்லை. தீவு என்றால் தீவு, அவ்வளவுதான்.

இந்த வேடம் கெடாமல் நிற்கும் இடங்களும் உண்டு. கலிபோர்னியாவின் பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸில் 1960இல் டொனால்ட் வெக்ஸ்லர், ரிச்சர்ட் ஹாரிசன் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த ராயல் ஹவாயன் எஸ்டேட்ஸ் அப்படி ஒன்று. 40 வீடுகள். இன்றும் மக்கள் வாழ்கிறார்கள், பாரம்பரியப் பகுதி என்ற தகுதியும் பெற்றிருக்கிறது. அதே ஊரில் 1964இல் திறந்த டிராப்பிக்ஸ் விடுதி பெயர் கொஞ்சம் மாறி இன்றும் ஓடுகிறது. லாஸ் வேகஸில் ஸ்டார்டஸ்ட் விடுதியின் அக்கு அக்கு உணவகம் 1980இல் மூடப்பட்டது, 2007இல் விடுதியே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆனால் உணவக வாசலில் நின்ற ஈஸ்டர் தீவுப் பாணிக் கற்சிலை ஒன்று பிழைத்து, அந்த ஊரின் சன்செட் பூங்காக் குளத்து நடுவிலுள்ள திட்டில் உட்கார்ந்திருக்கிறது. பாலைவன நகரம், செயற்கைக் குளம், போலி ஈஸ்டர் தீவுச் சிலை. மூன்றையும் ஒரே சட்டகத்தில் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

பாம் ஸ்பிரிங்ஸ் இடங்கள் இரண்டும் பிழைத்ததற்கு வேடம் காரணமில்லை. அவற்றுக்கு வேண்டிய தண்ணீர் ஒரு நீச்சல்குளம் அளவுதான். ஏரியை நம்பிக் கட்டியவைதான் சிக்கலில் மாட்டிக்கொண்டன.

தவறிப் பிறந்த ஏரி

சால்டன் கடல் இருப்பது ஒரு பெரிய பள்ளத்தில். அதன் நீர்மட்டமே கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 70 மீட்டர். பல நூற்றாண்டுகளாகக் கொலராடோ ஆறு எப்போதாவது திசை மாறி இந்தப் பள்ளத்தை நிரப்பும், பிறகு விலகிப்போகும், ஏரி காயும். அந்தப் பழைய ஏரிக்குக் கவியா ஏரி என்று பெயர். கவியா பழங்குடியினர் அதன் கரையில் கல்லடுக்கி அமைத்த மீன்பொறிகள் இன்றும் மலையடிவாரத்தில் இருக்கின்றன. ஏரி பின்வாங்கப் பின்வாங்க, அவர்கள் பொறிகளையும் கீழே கீழே அமைத்துக்கொண்டே வந்தார்கள். ஏரி நிலையில்லாதது என்று தெரிந்து அதற்கேற்ப வாழ்ந்தவர்கள் அவர்கள்.

1901இல் ஒரு தனியார் நிறுவனம் கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் பாசனம் கொண்டுவந்தது. கொலராடோ வண்டல் சுமக்கும் ஆறு. மூன்றே ஆண்டில் கால்வாய் தூர்ந்துபோனது. விவசாயிகள் தண்ணீர் கேட்டு நெருக்க, 1904இல் மெக்சிகோ எல்லைக்குள் ஆற்றங்கரையை அவசரமாக வெட்டினார்கள். சரியான மதகு வைக்கவில்லை. 1905இல் அடுத்தடுத்து வெள்ளம் வந்தது, வெட்டு அகன்றது, சில மாதங்களில் ஏறக்குறைய முழு ஆறுமே பள்ளத்துக்குள் பாயத் தொடங்கிவிட்டது. உப்பளம் மூழ்கியது. ரயில் பாதையைத் திரும்பத் திரும்ப மேட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனம் வண்டி வண்டியாகப் பாறை கொட்டி, 1907 பிப்ரவரியில்தான் உடைப்பை அடைத்தது.

அடைத்த பிறகு ஏரி காய்ந்திருக்க வேண்டும். அந்த வெயிலில் ஆண்டுக்குச் சுமார் 1.8 மீட்டர் ஆவியாகிப் போய்விடும். காயாமல் நின்றதற்குக் காரணம் வயல்கள். பள்ளத்தாக்கில் பாய்ச்சிய நீரின் மிச்சம், உப்பையும் உரத்தையும் சேர்த்துக்கொண்டு, வடிகால் வழியே இந்தப் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தது. 1920களில் மத்திய அரசே இதை வடிகால் தேக்கம் என்று அறிவித்து நிலம் ஒதுக்கியது. பின்னால் இதன் கரையில் 'ரிவியரா' விற்றவர்கள் இந்த விவரத்தை விளம்பரத்தில் போடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்த ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆண்டுதோறும் சுமார் 40 லட்சம் டன் உப்பு உள்ளே வந்து, வந்தது வந்தபடியே தங்குகிறது. எல்லாப் பாலைவன ஏரித் திட்டங்களிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: தண்ணீர் வெளியே போக வழி இருக்கிறதா?

மனை விற்ற கதை

1950களின் தொடக்கத்தில் அரசின் மீன்வளத் துறை கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து கார்வினா முதலிய கடல்மீன்களைக் கொண்டுவந்து ஏரியில் விட்டது. மீன் பெருகியது, தூண்டில்காரர்கள் குவிந்தார்கள். 1955இல் மாநிலப் பூங்கா திறந்தது. படகுப் பந்தயம், நீர்ச்சறுக்கு எல்லாம் வந்தன.

1958இல் எம். பென் பிலிப்ஸ் என்ற மனை வணிகர் சால்டன் சிட்டியைத் தொடங்கினார். 40,000 பேர் வாழும் ஊர் என்று திட்டம். சாலை, குடிநீர்க் குழாய், மின்சாரம், படகு மன்றம், விமான ஓடுதளம் எல்லாம் முதலிலேயே வந்தன. வாங்க வருகிறவர்களைச் சிறு விமானத்தில் ஏற்றி மேலிருந்து மனையைக் காட்டியதும் உண்டு. சென்னைக்கு வெளியே மனை பார்க்க இலவச வேனில் கூட்டிப்போய், மதியம் பிரியாணி போட்டு, சாயங்காலத்துக்குள் முன்பணம் வாங்கிவிடுகிறார்களே, கிட்டத்தட்ட அதே உத்திதான்.

மனைகள் விற்றன. வீடுகள் எழவில்லை. வாங்கியவர்களில் பலர் அங்கே குடியேற வாங்கவில்லை, விலை ஏறியதும் விற்கலாம் என்று வாங்கினார்கள். பிலிப்ஸ் 1960இலேயே தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊரில் இருந்தவர்கள் சுமார் 5,000 பேர்.

எதிர்க்கரையில் நார்த் ஷோர். அங்கே 1959இல் திறந்த படகு மன்றத்தை வடிவமைத்தவர் ஆல்பர்ட் ஃபிரே, பாம் ஸ்பிரிங்ஸ் நகரமன்றக் கட்டடத்தின் வடிவமைப்பாளர்களில் ஒருவர். கப்பல் சாளரங்களைப் போன்ற வட்ட ஜன்னல்கள், மேல்தளம், கொடிமரம் என்று கட்டடமே கரையில் கட்டிவைத்த கப்பல். 2010இல் மாவட்ட நிர்வாகம் அதைப் புதுப்பித்தது. இன்று அது சமூகக்கூடம். இவ்வளவு அழகான கட்டடத்தின் முன்னால் தண்ணீர் இல்லாமல் போனது எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் உறுத்தும் விஷயம்.

முதலில் மூழ்கியது, பிறகு காய்ந்தது

படங்களை மட்டும் பார்த்தவர்கள் ஏரி வற்றியதால் ஊர்கள் அழிந்தன என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதல் அடி அதற்கு நேர்மாறானது. 1970களில் வயல் வடிகால் கூடி நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. 1976இல் கேத்லீன், 1977இல் டோரீன் என்று இரண்டு வெப்பமண்டலப் புயல்களின் மழை வேறு. கரையோர விடுதிகள், படகுத்துறைகள், வண்டிவீட்டு முகாம்கள் உப்புநீரில் நின்றன. பாம்பே பீச் என்ற சிற்றூர் தன்னைச் சுற்றி ஒரு கரை எழுப்பிக்கொண்டது. கரைக்கு வெளியே மாட்டிய வீடுகள்தான் பின்னாளில் புகைப்படக்காரர்களுக்குப் பிடித்த சிதைவுகள் ஆயின.

அடுத்து உயிர்கள். வயல் உரம் ஏரியில் சேர்ந்தால் பாசி பெருகும். பாசி செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். நம் ஏரிகளில் ஜிலேபி என்று பிடிக்கிறோமே, அதே திலேப்பியாதான் அங்கே பெருகியிருந்த மீன். 1999 ஆகஸ்டில் ஒரே நாளில் 76 லட்சம் திலேப்பியா செத்து மிதந்தன. அதற்கு முன் 1996இல், நோயுற்ற மீனைத் தின்று பாட்டுலிசம் நஞ்சேறி 8,000க்கும் மேற்பட்ட வெள்ளைக் கூழைக்கடாக்கள் மாண்டன. 2012 செப்டம்பரில் பலத்த காற்று அடித்து ஏரியின் அடிமட்ட அழுகல் வாயுவைக் கிளப்பியதில், நாற்றம் 200 கிலோமீட்டருக்கு அப்பால் லாஸ் ஏஞ்சலஸ் வரை போனது. இதற்குப் பிறகு யார் விடுமுறைக்கு வருவார்கள்?

வற்றல் அதற்கும் பிந்தியது. 2003இல் போட்ட ஒப்பந்தப்படி இம்பீரியல் பள்ளத்தாக்கின் பாசன நீரில் ஒரு பகுதி சான் டியாகோ முதலிய நகரங்களுக்குப் போகிறது. விவசாயிகள் சிக்கனமாகப் பாய்ச்சினால் வடிகால் குறையும், வடிகால் குறைந்தால் ஏரி சுருங்கும். ஈடுகட்ட விட்டுவந்த நீரும் 2017 இறுதியில் நின்றது. இப்போது ஏரி கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பு. வெளிப்பட்ட அடிமண் காற்றில் பறக்கிறது. சுற்றுவட்டாரக் குழந்தைகளிடம் ஆஸ்துமா அதிகம். சிக்கனம் நல்லதுதான், ஆனால் இங்கே ஒருவரின் சிக்கனம் இன்னொருவரின் கரையை எடுத்துக்கொண்டது.

ஒப்பிட்டுப் பார்க்க லேக் ஹவாசு சிட்டி கைக்கு அருகிலேயே இருக்கிறது. 1960களில் ராபர்ட் மெக்கல்லக் என்ற தொழிலதிபர் அரிசோனா பாலைவனத்தில் தொடங்கிய ஊர். கூத்து என்றால் இதுதான் கூத்து: பழைய லண்டன் பாலத்தையே 1968இல் விலைக்கு வாங்கி, கல் கல்லாகக் கொண்டுவந்து, 1971இல் அங்கே திறந்தார். ஓலைக்கூரையைவிட அபத்தமான வேடம். ஆனாலும் ஊர் பிழைத்தது, இன்று 57,000 பேர் வாழ்கிறார்கள். காரணம், அந்த ஏரி கொலராடோ ஆற்றின் குறுக்கே பார்க்கர் அணை தேக்கிய நீர். ஆறு உள்ளே வந்து வெளியே போகிறது, உப்பு தங்குவதில்லை. பெரு நகரங்களுக்கான குழாய்கள் அதே ஏரியிலிருந்து நீர் எடுப்பதால் மட்டத்தைக் குறையவிடாமல் பார்த்துக்கொள்ள வேறு ஆட்களுக்கும் தேவை இருக்கிறது.

நிலத்தடி நீரை நம்பிய ஏரிகள் மூன்றாவது வகை. பார்ஸ்டோவுக்குக் கிழக்கே நியூபெரி ஸ்பிரிங்ஸில், மொஹாவி பாலைவனத்தின் நடுவே, 1962இல் லேக் டொலோரஸ் என்ற நீர் விளையாட்டு மையம் திறந்தது. 1998இல் ராக்-அ-ஹூலா என்ற பெயரில் புதுவேடம் போட்டுப் பார்த்தார்கள். 2004இல் அடியோடு மூடியது. இன்று வண்ணக் கிறுக்கல்கள் நிறைந்த காங்கிரீட் கால்வாய்களும் வெற்றுப் பலகைகளுமாக லாஸ் வேகஸ் நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிறது.

எதைப் பார்ப்பது?

மரங்களிலிருந்து தொடங்குங்கள். பாலைவனத்தில் நேர்க்கோட்டில் நிற்கும் பனைகள் தானாக முளைத்தவை அல்ல. விடுதி போன பிறகும் அதன் வாகன வழியின் இரு பக்கமும் பனை மட்டும் நிற்கும். தண்ணீர் நின்று வெகுநாளாகியிருந்தால் தலை இல்லாத தண்டுகள் மட்டும். இந்த ஹவாய் வேடத்திலேயே உண்மையில் அந்த மண்ணுக்குச் சொந்தமானது ஒன்று உண்டென்றால் கலிபோர்னியாவின் விசிறி ஓலைப் பனைதான். கவியா மக்கள் அந்த ஓலையால் கூரை வேய்ந்தவர்கள். டாமரிஸ்க் தானாகவும் பரவும், ஆனால் பனையோடு அது வரிசையாக நின்றால் காற்றுத்தடுப்புக்காக யாரோ நட்டிருக்கலாம், பக்கத்தில் ஒரு கட்டடத்தின் அடித்தளம் அகப்படலாம்.

அடுத்து காலடியில். சால்டன் கடற்கரை தூரத்திலிருந்து வெள்ளை மணலாகத் தெரியும். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள், மணலே இருக்காது. எல்லாம் பார்னக்கிள் ஓடு. நம் கடலோரத்தில் கொட்டலசு என்பார்களே, படகின் அடியில் ஒட்டுவது, அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படையின் நீர்விமானங்களோடும் மிதவைகளோடும் வந்தது என்பது பொதுவான விளக்கம். அதனூடே மீன் முதுகெலும்புத் துண்டுகளும் கிடக்கும். செருப்பு போட்டுக்கொண்டே நடங்கள், ஓடுகள் கத்திமாதிரி இருக்கும்.

கரையில் நிற்கும் கம்பங்களில் உப்பு படிந்த கோட்டைத் தேடுங்கள். அதுதான் பழைய நீர்மட்டம். படகை இறக்கும் சரிவுகள் ஓரிடத்தில் முடியும், அதற்கு அப்பால் சரிவை நீட்டியிருப்பார்கள், அதுவும் முடியும். ஏரியைத் துரத்திக்கொண்டு போன ஒரு நிர்வாகத்தின் செலவுக் கணக்கை அங்கே காங்கிரீட்டில் படிக்கலாம்.

கட்டடங்களைவிட மனைப்பிரிவின் அமைப்பு கூடுதலாகப் பேசும். போவதற்கு முன் செயற்கைக்கோள் வரைபடத்தில் சால்டன் சிட்டியை ஒருமுறை பாருங்கள். வளைவுகளும் முட்டுச்சந்துகளும் கொண்ட முழு நகரம் விரியும். எந்தக் காலத்தில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பது அந்தக் கோடுகளில் தெரியும். தரையில் நின்றால் இது புரியாது.

போகிறவர்களுக்கு

நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். கோடையில் 45 டிகிரி தாண்டும், வேடிக்கை இல்லை. கிழக்குக் கரைக்கு நெடுஞ்சாலை 111, மேற்குக் கரைக்கு 86. ஏரியோரத்தில் காய்ந்த மேலோடு போலத் தெரியும் சேற்றில் இறங்காதீர்கள், அடியில் முழங்கால் வரை உள்வாங்கும். வண்டியை அதில் ஓட்டுவது அதைவிடக் கேடு. பழைய கட்டடங்களில் கல்நார் இருக்கலாம், உள்ளே போகாமல் வெளியிலிருந்து பார்ப்பதே புத்திசாலித்தனம். காற்றடிக்கும் நாளில் முகமூடி அவசியம்.

பாம்பே பீச் கைவிடப்பட்ட ஊர் இல்லை. கடல் மட்டத்துக்கு 68 மீட்டர் கீழே, அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த குடியிருப்பு அது. 2020 கணக்கெடுப்பில் 231 பேர். 2016இலிருந்து கலைஞர்கள் கூடி ஒரு கலைவிழா நடத்துகிறார்கள், காலி மனைகளில் சிற்பங்கள் நிற்கின்றன. எது சிற்பம், எது சிதைவு, எது ஒருவர் குடியிருக்கும் வீடு என்று சட்டெனச் சொல்ல முடியாது. அதனால் வேலிக்குள் எட்டிப் பார்த்துப் படமெடுக்கும் முன் கேட்டுவிடுவது மரியாதை.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலையில் நார்த் ஷோர் படகு மன்றம், வெயில் ஏறும் முன் பாம்பே பீச், பிறகு தெற்கு வழியாக ஏரியைச் சுற்றிக்கொண்டு மாலையில் சால்டன் சிட்டி என்று வைத்துக்கொள்ளலாம். முழுச் சுற்று 150 கிலோமீட்டருக்குக் குறையாது. பெட்ரோலும் குடிதண்ணீரும் புறப்படும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள், வழியில் கடைகள் அடிக்கடி வராது.